பல்லுக்கு முன் ஈறு

ஆனைகட்டியில் இருந்து பல் இம்ப்ளான்ட் வைக்கக் கோவைக்குப் போகிறவரிடம், "முதலில் ஈறு ஒட்டு தேவை" என்று மருத்துவர் சொன்னால் பணம் பறிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். இம்ப்ளான்ட்டின் டைட்டானியத் திருகைச் சுற்றிக் கெட்டியான ஈறு ஏறத்தாழ 2 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது என்பது பல மருத்துவர்களின் கணக்கு. அதைவிடக் குறைந்தால் பல் துலக்கும்போது வலிக்கலாம், அழுக்கு சேரலாம். எல்லாருக்கும் ஒட்டு தேவைப்படாது, 'எனக்கு ஏன்?' என்று தாராளமாகக் கேட்கலாம்.

ஒட்டுக்கான சதையைப் பெரும்பாலும் மேலண்ணத்தில் இருந்தே எடுப்பார்கள். ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் எரியும்.

சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. பீடியும் வெற்றிலைப் புகையிலையும் ஒட்டைக் கெடுப்பதில் முதலிடம். சில வாரம் முன்பே விட்டாக வேண்டும்.

சிகிச்சைக்குக் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். கோவை சுமார் 30 கிலோமீட்டர். இருட்டியபின் யானை நடமாடும் சாலை அது.

சிகிச்சை முடிந்தபின் வீட்டில் ஆறிய ராகிக் கஞ்சி, தயிர்சாதம் போதும். காரம், முறுக்கு, ஸ்ட்ரா வேண்டாம். உதட்டை இழுத்துக் கண்ணாடியில் பார்க்கவும் கூடாது, தையல் விட்டுவிடும். அண்ணத்தில் ரத்தம் கசிந்தால் துப்பிக்கொண்டே இருக்காமல், நனைத்த சுத்தமான துணியை 20 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்கவில்லையென்றால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.