உழைப்பும் உவப்பும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் எம் பாட்டனாரின் ஊராகிய உப்பிலியபுரத்தில் மூன்று கிழமை தங்கியிருந்தோம். துறையூருக்கு வடமேற்கே, மேற்கில் கொல்லிமலையும் கிழக்கில் பச்சைமலையும் காவல் நிற்க, நடுவே கிடக்கும் சிற்றூர் அது. ஒருநாள் இரவு உணவு கொண்டபின் எம் தந்தையார், “தமிழ்ச் சிறப்பு வகுப்பில் தேறிய பின் எந்த வேலைக்குப் போவதாய் எண்ணம்?” என்று வினவினார். யாம் விடை தேடித் தடுமாறுகையில் பாட்டனார் குறுக்கிட்டு, “அவனுக்குப் பிடித்த வேலைக்குப் போகட்டுமே!” என்றார். தந்தையார் நகைத்து, “பிடித்த வேலை என்று ஒன்று உலகத்தில் உண்டா, அப்பா? பிடித்துக்கொண்ட வேலை என்று வேண்டுமானால் உண்டு,” என்று கூறிப் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

அவர் படுத்துவிட்டாரேயன்றி, அவர் வினா எம்மைப் படுக்கவொட்டவில்லை. மக்கள் தாம் செய்யும் தொழிலில் உண்மையாகவே மகிழ்கின்றனரா? மகிழ்ச்சி உண்டாயின் அது எதனால் விளைவது? எஞ்சிய நாட்களில் கண்டவரையெல்லாம் இதனையே கேட்டுத் திரிந்தோம். கல்லூரிக்குத் திரும்பிய பின் நூலகத்திலும் இதனையே துருவினோம். அங்ஙனம் கண்டவற்றுள் சிலவற்றை நம் கல்லூரி அன்பர்களுக்கு ஈண்டுக் கூறுவோம்.

முதற்கண் சொற்களைச் சிறிது நோக்குவோம். தமிழ் மாணாக்கர்க்கு இது விடவொண்ணாத வழக்கம், அன்பர்கள் பொறுத்தருள்க. பழைய நூல்களில் ‘வேலை’ என்பது பெரும்பாலும் கடலையும் கடற்கரையையும் குறிக்கும். நாம் இன்று வேலை என்பதனை முன்னோர் வினை என்றும் தொழில் என்றும் வழங்கினர். ‘சம்பளம்’ என்னும் சொல்லைச் சம்பாவும் அளமும் கூடியது, அஃதாவது நெல்லும் உப்பும் ஆகிய கூலி, என்று பிரித்துப் பொருள் காண்பார் உளர். ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் சொல்லும் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே. உப்பின் பெயரைத் தன் பெயரிற் கொண்ட ஊரில் இருந்துகொண்டு இதனை எண்ணுங்கால் எமக்கு ஒன்று தோன்றிற்று. உப்பின்றி உண்ணல் இயலாது. ஆயினும் உப்பையே உண்டு பசியாறினார் ஒருவரும் இலர். கூலியும் அத்தகையதோ?

அமெரிக்க நாட்டு உளநூலறிஞர் பிரெடரிக் ஹெர்ஸ்பர்க் என்பார் ஏறத்தாழ இவ்வாறே கூறினார். அவரும் அவர்தம் கூட்டாளிகளும் பிட்ஸ்பர்க் நகர்ப்புறத்தில் 200-க்கு மேற்பட்ட பொறியியலாளரையும் கணக்கரையும் கண்டு, ‘நுமது வேலையில் மிக மகிழ்ந்த காலம் யாது? மிக வெறுத்த காலம் யாது?’ என வினவி, விடைகளைத் தொகுத்து 1959-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டனர். மகிழ்ந்த காலத்தைக் கூறினோர் பெரும்பாலும் ஒன்றைச் செய்து முடித்தமை, பிறர் அதனை மதித்தமை, பொறுப்புத் தம்மிடம் விடப்பட்டமை, வேலையின் இனிமை ஆகியவற்றையே கூறினர். வெறுத்த காலத்தைக் கூறினோரோ மேலாளரின் கெடுபிடி, நிறுவனத்தின் ஒழுங்கற்ற விதிகள், ஊதியம் முதலியவற்றைக் கூறினர். ஆகவே குறைந்த கூலி வெறுப்பை விளைக்கும், நிறைந்த கூலி அவ்வெறுப்பைப் போக்கும், ஆனால் கூலி ஒன்றே உவப்பைத் தந்துவிடாது என்பது அவர் துணிபு. இதனை மறுத்தாரும் உளர். நன்மை நேர்ந்தால் ‘என்னால்’ என்பதும் தீமை நேர்ந்தால் ‘பிறரால்’ என்பதும் மக்கள் இயல்பாதலின், அவ்விடைகளை அவ்வாறே நம்பலாகாது என்பது மறுப்போர் கூற்று. தேர்வில் தேறிய எம் தோழரையும் தவறிய எம் தோழரையும் எண்ணிப் பார்க்குங்கால் மறுப்பிலும் உண்மை உண்டென்றே தோன்றுகின்றது!

நிற்க. ஊருக்குத் திரும்புவோம். புளியமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்டிர் சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்துத் தாள் அரிந்துகொண்டிருந்தனர். அரிந்த வெங்காயம் பட்டறைக்குப் போகும்; அரிந்த அளவுக்குக் கூலி. “இந்த வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?” என்று கேட்டோம். அரிவாள்மனைகள் எல்லாம் ஒருங்கே நின்றன. மூத்தவள் ஒருத்தி, “பிடித்திருக்கிறதா என்று எங்களை இதுவரை யார் கேட்டார்கள், தம்பி?” என்றாள். எல்லோரும் சிரித்தனர்; யாம் நாணினோம். சற்றுக் கழித்து அவளே, “தனியாக உட்கார்ந்து அரியச் சொன்னால் இரட்டைக் கூலி கொடுத்தாலும் வரமாட்டேன். இவளுகளோடு பேசிக்கொண்டு அரிந்தால் பொழுது போவதே தெரியாது,” என்றாள். இரட்டைக் கூலியை அவள் உண்மையாகவே மறுப்பாளோ என்பது ஐயமே. ஆயினும் உடனுழைப்போரின் துணை உழைப்பின் சுமையைப் பாதியாக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஊர்ப்புறத்தில் ஒரு குயவர் இருக்கின்றார், எழுபதைக் கடந்தவர். ஏரி மண்ணைக் கொணர்ந்து, உலர்த்திச் சலித்து, மணல் கலந்து, காலால் மிதித்து, திகிரியில் ஏற்றி, வனைந்த கலத்தைப் பலகையால் தட்டி வடிவு திருத்தி, நிழலில் உலர வைத்துச் சூளையில் அடுக்கிச் சுடுவது வரை அனைத்தும் அவர் ஒருவரே செய்வது. சுட்ட பானையை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார், வெண்கலம்போல் ஒலித்தது. “சத்தம் சொல்லிவிடும், தம்பி! வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை,” என்றார். புறநானூற்றுப் புலவர் கலஞ்செய்வானைக் ‘கோ’ என்று விளித்ததன் பொருள் எமக்கு அன்றுதான் விளங்கிற்று.

ஹாக்மன், ஓல்டாம் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1976-இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒரு வேலை உள்ளத்தை நிறைவிக்க ஐந்து தன்மைகள் வேண்டும் என்றனர். பலவகைத் திறங்களுக்கு அதில் இடமிருத்தல், தொடக்கமுதல் முடிவுவரை ஒரு முழுப்பொருளாக அமைதல், பிறர்க்குப் பயன்படுதல், செய்யும் முறையைச் செய்வானே துணியும் உரிமை, நன்கு செய்தோமா என்பது அவ்வேலையினின்றே தெரிதல் என்பன அவை. அக்கட்டுரையைப் படிக்கையில் அவர்கள் குயவர் ஒருவரின் திண்ணையில் அமர்ந்து எழுதினார்களோ என்று வியந்தோம்.

ஆனால் அக்குயவரின் மைந்தர் இருவரும் அத்திகிரியைத் தொடுவதில்லை. திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலையில் தைக்கின்றனர். இளையவன் விடுமுறைக்கு வந்திருந்தான். சட்டையின் ஒரே தையலைக் காலைமுதல் மாலைவரை ஆயிரக்கணக்கிற் போடுவதே அவன் வேலை. ஆதம் ஸ்மித் என்னும் பொருள்நூலார் 1776-இல் வெளிவந்த தம் நூலில் கூறிய குண்டூசித் தொழிலை யாம் நினைத்தோம். ஓர் ஊசி செய்யும் வேலையைப் பதினெட்டளவான கூறுகளாகப் பகுத்துக்கொண்டதனால் பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 ஊசிகளுக்கு மேற் செய்தனர் என்று வியந்தவரும் அவரே. ஓரிரு எளிய செயல்களிலேயே வாழ்நாளைக் கழிப்பவன் அறிவு மழுங்கிப்போவான் என்று அதே நூலின் பிற்பகுதியில் இரங்கியவரும் அவரே. ஆகவே யாம் அவ்விளைஞனிடம், “அப்பாவின் தொழில் எத்துணை அழகியது! அதை விட்டு இதற்கு ஏன் போனாய்?” என்று கேட்டுவிட்டோம்.

அவன் தந்த விடை எம் ஆராய்ச்சி முழுவதையும் ஆட்டிவிட்டது. “பொங்கலுக்கும் கார்த்திகைக்கும் மட்டுந்தான் அப்பாவைத் தேடி ஆள் வரும். எனக்குச் சனிக்கிழமைதோறும் கூலி கைக்கு வரும். அதைவிட, அங்கே யாரும் என்னைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பா வயதுக்கு அவரை இங்கே சின்னப் பையன்கள் ‘வாடா, போடா’ என்பார்கள். நீங்கள் பானையைப் பார்த்தீர்கள், அண்ணே, அதை மட்டுந்தான் பார்த்தீர்கள்,” என்றான்.

அறிஞர் கூறிய ஐந்து தன்மைகளும் அத்தந்தைக்கு வாய்த்திருந்தன. மைந்தனுக்கோ அவற்றுள் ஒன்றிரண்டே வாய்த்தன. எனினும் அவன் நிறைவு குன்றியவனாகத் தோன்றவில்லை. தானே தேர்ந்த தொழில் சிறியதாயினும் இனிக்கும்; பிறப்பினாற் சுமத்தப்பட்டது அழகியதாயினும் கசக்கும். நம் நாட்டில் தொழிலின் உவப்பைப் பற்றி எழுதப் புகுவோர் இதனை மறத்தல் பெரும்பிழையாம். யாமும் மறந்தேயிருந்தோம்.

திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த பொன்மலையில் 1928-இல் அமைந்த இரயில்வேத் தொழிற்சாலையை நம் மாணவர் அறிவர். நீலகிரி மலை இரயிலுக்குரிய நீராவி எஞ்சின்களை இந்நூற்றாண்டிலும் புதிதாகச் செய்து தந்த கைத்திறன் அங்கு உண்டு. அதே பொன்மலையில் 1946-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் வேலைநிறுத்தக் காலத்தே நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிர்நீத்தனர். எஞ்சின் செய்யும் பெருமிதம் அவர்கட்கு இல்லாமற் போனதன்று. பெருமிதம் கூலிக்கும் மானத்திற்கும் ஈடாகாது என்பதே.

எம் உறவினர் ஒருவர் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் வெல்டிங் வேலை செய்கின்றார். 1965-இல் அங்கே பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தபின் அத்தொழில் அவ்வட்டாரம் எங்கும் பரவியது. அவர் ஒட்டும் குழாய் மூட்டுகளை ஊடுகதிரால் படம் பிடித்து, உள்ளே நுண்ணிய துளையேனும் வெடிப்பேனும் உண்டோ எனப் பார்ப்பராம். “படம் சுத்தமாக வந்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். கண் எரிச்சல்கூடத் தெரியாது,” என்பது அவர் வாக்கு. குயவருக்குப் பானையின் ஓசை எவ்வாறோ, இவருக்கு அப்படம் அவ்வாறு. ஆனால் அவர் மனம் மிக நொந்த நாள் எது என்று கேட்டதற்கு, மூட்டுத் தவறிய நாளைக் கூறினாரல்லர். தவறாத மூட்டையும் மேலாள் ஒருவர் அருகில் நின்று அங்குலம் அங்குலமாகக் குறை கூறிய நாளையே கூறினார்.

திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்றோர் அதிகாரம் உண்டு. மாணவர் பலர் அதனை வேலை செய்வார்க்கு உரைத்ததாக எண்ணுவர். அஃது அரசனை, அஃதாவது வேலை கொடுப்பவனை, நோக்கியது. இன்னான் இன்ன வினைக்குத் தக்கான் என்று முன்னரே ஆராய்க. ஆராய்ந்து துணிந்தபின் அவ்வினையை அவன்கண் விட்டு ஒதுங்குக என்பது வள்ளுவர் கருத்து. ஹாக்மன் முதலியோர் கூறும் துணியும் உரிமையும் இதுவே. வேலையை விரும்பிச் செய் என்று உழைப்பானுக்கு ஓதுவார் பலர். விரும்பத்தக்கதாக வேலையை அமை என்று கொடுப்பானுக்கு ஓதுவார் சிலரே.

இனி, நம் மாவட்டத்துப் பெரியோர் இருவர் வாழ்க்கையைச் சிறிது பார்ப்போம். குளத்தூரில் 1826-இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர்; திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஊழியந் தொடங்கி, பின்னர் முன்சீப்பாக உயர்ந்து மாயூரத்தில் நெடுங்காலம் இருந்தவர். தமிழில் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்டார் என்பதனால், நீதிமன்ற வேலை அவருக்கு வயிற்றுப்பாடு, எழுத்தே உயிர் என்று கருதுவார் உளர். யாம் அதனை ஒப்புகிலோம். மேல்நீதிமன்றத் தீர்ப்புக்களை ஆங்கிலத்தினின்று தமிழாக்கி 1862-இல் நூலாக்கினாரன்றோ?   தம் வேலையின் எல்லையைத் தாமே சிறிது அகலப்படுத்திக்கொண்டார். ரெஸ்னெஸ்கி, டட்டன் என்னும் அறிவுடைப் பெண்டிர் இருவர் 2001-இல் எழுதிய கட்டுரையில் இதனையே விரிவாகப் பேசினர். மருத்துவமனையில் துப்புரவு செய்வாருட் சிலர், நோயாளர்க்கு ஆறுதல் கூறுவதையும் தம் பணியின் பகுதியாகவே கொண்டு அதனை விரும்பிச் செய்தமையை அவர்கள் எடுத்துக்காட்டினர்.

வேதநாயகம் பிள்ளையின் நண்பரும், அவர்மீது குளத்தூர்க் கோவை பாடியவருமான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கோ மாதச் சம்பளம் வாங்கும் வேலையே இருந்ததில்லை. மாணாக்கரிடம் பொருள் பெறாது, சாதி சமயம் பாராது கற்பித்தார். சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவரும் அவர் மாணாக்கருள் ஒருவர். அவர் கற்பித்தலில் அடைந்த இன்பத்தை உ. வே. சாமிநாதையர் எழுதிய வரலாற்றிற் காணலாம். அதே வரலாற்றில் அவர் பட்ட வறுமையையும் காணலாம். 1876-இல் இறக்கும்பொழுது அவர் தம் குடும்பத்திற்குக் கடனையே வைத்துச் சென்றார். முன்னதை மட்டும் மேடைகளிற் பேசிப் பின்னதை மறைப்பது நேர்மையன்று. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்திராவிடின், 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியிருக்குமோ என்பதும் எண்ணற்பாலதே.

துப்புரவுப் பணியாளர் எடுத்துக்காட்டிற்கும் ஓர் எல்லை உண்டு. கழிவுநீர்க் குழிக்குள் மனிதரை இறக்குதலைத் தடுக்கும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டும், அதன் பின்னரும் குழிகளில் மூச்சடங்கி இறந்தோர் பலர். அவ்வேலையில் இன்பங் காண் என்று ஒருவனிடம் உரைப்பது கொடுமையாம். இன்பங் காணத் தகாத வேலைகள் உலகில் உள. அவற்றை மனிதன் செய்யாதபடி ஒழிப்பதே செயற்பாலது. எம் ஆலயங்களில் ‘அழைப்பு’ என்னும் சொல் அடிக்கடி ஒலிக்கும். குருத்துவத்திற்கே உரியதாயிருந்த அக்கருத்தை உழவுக்கும் தச்சுக்கும் உரியதாக்கினவர் மார்ட்டின் லூதர். அச்சொல்லை யாம் மதிக்கின்றோம். ஆயினும், கூலியைக் குறைத்துக் கொடுப்பவர் வாயில் அது புகுங்கால் அஞ்சுகின்றோம்.

ஊரைவிட்டுப் புறப்படும் முன்னிரவு, இவற்றையெல்லாம் எம் தந்தையாரிடம் கூறினோம். அவர் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் முப்பதாண்டு கணக்கு எழுதியவர். முழுதும் கேட்டுவிட்டு, “எனக்கு அப்படியொன்றும் இல்லையப்பா. மாதம் பிறந்தால் சம்பளம், அவ்வளவுதான்,” என்றார். அடுக்களையிலிருந்த எம் தாயார், “கணிப்பொறி வருவதற்கு முன் ஒரு வருடம், மார்ச்சு முடிவில் ஐந்தொகை ஒத்துவரவில்லை என்று நான்கு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாரே, அதைக் கேள்,” என்றார்.

தந்தையார் எழுந்து உட்கார்ந்தார். “பதினெட்டு ரூபாய் உதைத்தது. பேரேட்டில் எண்பத்தொன்றை அறுபத்துமூன்று என்று எவனோ ஏற்றியிருந்தான். இரவு இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தேன்,” என்று தொடங்கி, எந்தப் பக்கம், எந்த வரி என்பது வரை விடாமற் கூறினார். அன்று வீட்டிற்கு வந்து எல்லோரையும் எழுப்பிக் காப்பி போடச் சொன்னாராம். அவர் கூறி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று.