கெப்பாசிட்டர் கொதிக்கிறதா? மாற்றும் முன் காரணத்தைத் தேடு!

ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளையில் புதிதாகப் போட்ட கெப்பாசிட்டரும் சூடாகி உப்பிவிட்டது என்று வருத்தப்படும் தம்பி, தங்கைகளுக்குத்தான் இந்த டிப்ஸ். காய்ச்சலைப் போலத்தான் இந்தச் சூடும். நோய் வேறு எங்கோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை கெப்பாசிட்டர் மாற்றினாலும் காசுதான் கரியாகும்.

1. முதலில் உன் பாதுகாப்பு: சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கு. கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் பிடித்து, இரு கால்களுக்கும் குறுக்கே வை. மல்டிமீட்டரில் வோல்டேஜ் ஏறக்குறைய பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை வை. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யவே செய்யாதே. எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) வகை என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 230 வோல்ட் ஏசி டயோடுகளைத் தாண்டியதும் அங்கே சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும்.

2. சூடு யாருடையது? டிஸ்சார்ஜ் செய்தவுடன் மெல்லத் தொட்டுப் பார். ஹீட் சிங்க் பக்கம் மட்டும் சுட்டால் அது பக்கத்து வீட்டுச் சூடு. கெப்பாசிட்டரைக் கொஞ்சம் தள்ளிப் பொருத்து, காற்றோட்டம் கொடு. சுற்றியுள்ள பாகங்களைவிட கெப்பாசிட்டரே அதிகம் சுட்டால், கோளாறு அதன் வழியே ஓடும் கரண்டில் இருக்கிறது.

3. பிளஸ், மைனஸ்: உடலில் உள்ள கோடு மைனஸ் காலைக் காட்டும். 12-0-12 சப்ளையில் நிறையப் பேர் சறுக்கும் இடம் மைனஸ் லைன். அங்கே கெப்பாசிட்டரின் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போக வேண்டும். மாறிப் போட்டால் சில நிமிடங்களிலேயே கொதித்து வெடிக்கலாம்.

4. வோல்டேஜ்: 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு 16 வோல்ட் கெப்பாசிட்டர் போதும் என்று நினைக்காதே. ஏசியின் உச்சம் 1.414 மடங்கு, அதாவது சுமார் 17 வோல்ட். லோடு இல்லாதபோதும், வீட்டு மின்சாரத்தின் வோல்டேஜ் ஏறும்போதும் இன்னும் கூடும். 25 வோல்ட் போடு. 35 இருந்தால் இன்னும் நிம்மதி.

5. டயோடுகள்: பிரிட்ஜில் ஒரு டயோடு ஓப்பனானால், நொடிக்கு 100 முறை நிரம்ப வேண்டிய கெப்பாசிட்டர் 50 முறைதான் நிரம்பும். ஒவ்வொரு முறையும் அதிகக் கரண்டை இழுத்துச் சூடாகும். டயோடு லீக்கானாலும் தேவையில்லாத ஏசி அதன் வழியே ஓடும். ஒரு காலைக் கழற்றிவிட்டு டயோடு மோடில் பார்: ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், மறுபக்கம் எதுவும் காட்டக் கூடாது.

6. சரியான வகை: எஸ்எம்பிஎஸ் அவுட்புட்டில் சாதாரண கெப்பாசிட்டர் தாங்காது. அங்கே ரிப்பிள் கரண்ட் மிக வேகமாக ஏறி இறங்கும். கெப்பாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் அதைச் சூடாக மாற்றிவிடும். உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த வகையை, ‘லோ ஈஎஸ்ஆர்’ என்று கேட்டு வாங்கு. ஒன்று தாங்கவில்லை, போர்டில் இடமும் இருக்கிறது என்றால், ஒரே மாதிரி இரண்டை பேரலலாகப் போடு, கரண்ட் பங்காகும்.

7. 85 டிகிரியா, 105 டிகிரியா? சில ரூபாய் வித்தியாசத்துக்காகக் கஞ்சத்தனம் வேண்டாம், 105 டிகிரியே வாங்கு. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று சொல்லி விற்கும் கெப்பாசிட்டர், 65 டிகிரியில் சுமார் 32,000 மணி நேரம் உழைக்கும்.

8. மாட்டிய பிறகு: முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது சீரிஸ் லேம்ப் (லைனில் தொடராக இணைத்த குண்டு பல்பு) வழியாகக் கொடு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் உடனே அணைத்துவிட்டு மூன்றாவது, ஐந்தாவது டிப்ஸுக்குத் திரும்பு. எல்லாம் சரியென்றால் நேரடியாக இணைத்து, வழக்கமான சத்தத்தில் அரை மணி நேரம் ஓடவிடு. பிறகு பிளக்கைப் பிடுங்கி, டிஸ்சார்ஜ் செய்து, மறுபடி தொட்டுப் பார். வெதுவெதுப்போடு நின்றால் மூடியைத் திருகி மூடலாம். சுட்டால், மூடாதே, காரணம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.