பழுது பார்க்கும் பட்டறைக்கு ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்குதல்

நூல் வாங்கும் நெசவாளர், கட்டின் மேல் ஒட்டிய சீட்டை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 40 சிட்டா இருத்தல் வேண்டும். சிட்டா ஒன்றுக்கு 840 கஜம். நிறுத்தும் அளந்தும் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். மணிலா மூட்டைக்கும் அவ்வாறே. கைப்பிடி மாதிரி எடுத்து, உடைத்து, பருப்பைப் பார்த்த பின்னரே விலை பேசுகிறோம். சரியான அளவும் கலப்பற்ற பண்டமும் வேண்டும் என்ற எண்ணமே 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலியோரை ஒன்று சேர்த்துக் கூட்டுறவுப் பண்டகசாலை திறக்கச் செய்தது.

ஆனால் இயந்திரச் சாமான் வாங்கும்போது மட்டும் நாம் இந்த வழக்கத்தை மறந்துவிடுகிறோம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணை நம்பிவிடுகிறோம். அதற்கு நல்ல உதாரணமாக ஜம்ப் ஸ்டார்ட்டர் என்னும் கருவியை எடுத்துக்கொண்டு, அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கருவியின் பயன்

வண்டியின் பாட்டரி இறங்கிப்போனால் செல்ப் மோட்டார் சுழலாது; இஞ்சின் கிளம்பாது. அப்போது வெளியிலிருந்து சில விநாடிகள் பெரும் மின்னோட்டத்தைக் கொடுத்து இஞ்சினைக் கிளப்பி விடுவதே ஜம்ப் ஸ்டார்ட்டரின் வேலை. 1912-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் செல்ப் மோட்டார் வந்தது முதல், இஞ்சினின் உயிர் பாட்டரியைச் சார்ந்ததாயிற்று.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், திண்டிவனம்–புதுச்சேரி சாலைக்குச் சற்று உள்ளே அமைந்த இரும்பை போன்ற ஊர்களில் இக்கருவியின் அருமை அறுவடைக் காலத்தில் தெரியும். மழை இருட்டிக்கொண்டு வரும், நெல் களத்தில் கிடக்கும், டிராக்டர் கிளம்பாது. அன்று பட்டறைக்கு வரும் அழைப்புகள் ஒன்றிரண்டல்ல. நெசவாளர்களுக்கு இதில் என்ன தொடர்பு எனலாம். நூல் ஏற்றி வரும் வேன் வழியில் நின்றால் தறியும் நிற்கும் அல்லவா? ஆகவே பட்டறைக்காரரின் கருவி நம்பத்தக்கதாயிருத்தல் இரு சாராருக்கும் வேண்டுவதே.

முதலில் வண்டிகளை எண்ணுக

கடைக்குப் போகுமுன் பட்டறைக்கு வரும் வண்டிகளை ஒரு மாதம் குறித்து வைக்க வேண்டும். இரு சக்கர வண்டிகள், பெட்ரோல் கார்கள், டீசல் வேன்கள், டிராக்டர்கள், லாரிகள் ஆகியவை எத்தனை என்று தனித்தனியே எழுதுக. பெட்ரோல் காருக்குச் செல்ப் எடுக்கையில் ஏறக்குறைய 100 முதல் 200 ஆம்பியர் தேவைப்படும். டீசல் இஞ்சினில் காற்று மிகுதியாக அழுத்தப்படுவதால் சுழற்றுவது கடினம். டிராக்டருக்கு 200 முதல் 300 ஆம்பியரும், சமயத்தில் அதற்கு மேலும் வேண்டியிருக்கும்.

இவற்றில் பெரும்பாலானவை 12 வோல்ட் வண்டிகள். லாரி, பஸ் போன்ற கனரக வண்டிகளில் இரண்டு பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். 12 வோல்ட் கருவியை 24 வோல்ட் வண்டியில் மாட்டுவது கருவிக்கும் ஆளுக்கும் ஆபத்து. லாரிகள் அடிக்கடி வரும் பட்டறையாயின் 12, 24 இரண்டுக்கும் அமைந்த கருவியையே வாங்க வேண்டும். எப்போதோ ஒரு லாரி வருமெனில் அதற்காகப் பணத்தை முடக்க வேண்டுவதில்லை.

சீட்டில் உள்ள எண்கள்

பெட்டியின் மேல் "2000 ஆம்பியர்" என்று காண்போம். அதன் அருகே சிறிய எழுத்தில் "பீக்", அதாவது உச்சம், என்றிருக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் எழுந்து விழும் அளவு அது. எத்தனை நேரத்திற்கு, எந்த வோல்ட்டில் என்று அனைவரும் ஒப்புக்கொண்ட வரையறை அதற்கு இல்லை. நூலின் நம்பருக்கு 840 கஜம் என்ற அளவுகோல் உண்டு; உச்ச ஆம்பியருக்கு அத்தகைய அளவுகோல் இல்லை. ஆகவே அந்த எண்ணைக் கொண்டு இரு கம்பெனிகளின் கருவிகளை ஒப்பிடுவதில் பயனில்லை. "தொடக்க மின்னோட்டம்" எவ்வளவு, எத்தனை விநாடிக்கு என்று கேட்க வேண்டும். கையேட்டில் அது இல்லாவிடில் அக்கருவியை ஒதுக்கிவிடலாம்.

வண்டிப் பாட்டரிகளில் "சி.சி.ஏ." என்றோர் அளவு காணப்படும். அது வரையறுக்கப்பட்ட அளவு: உறைநிலைக்கும் கீழே 18 டிகிரிக் குளிரில், 30 விநாடிகள், 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல் கொடுக்கக்கூடிய மின்னோட்டம். திண்டிவனத்தில் அந்தக் குளிர் ஏது? நம்மை வருத்துவது வெயிலே. எனினும் பாட்டரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும்.

அடுத்த எண் "20,000 எம்.ஏ.எச்." என்பது. இதை வோல்ட்டோடு பெருக்கினால்தான் பொருளுண்டு. உள்ளிருக்கும் லித்தியம் கலம் ஒன்றுக்கு 3.7 வோல்ட். 20 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி. இதையே 12 வோல்ட்டாகக் கணக்கிட்டால் 6 ஆம்பியர்-மணி சொச்சமே. இருபது என்றெண்ணி வாங்கியவர் கையில் இருப்பது ஆறு.

இன்னொரு கணக்கும் பார்ப்போம். 250 ஆம்பியர் வீதம் 5 விநாடிகள் செல்ப் எடுத்தால் செலவு 0.35 ஆம்பியர்-மணி மட்டுமே. அதாவது இஞ்சினைக் கிளப்பத் தேவையான மின்சாரம் சொற்பம். அதை ஒரே மூச்சில் கொடுப்பதுதான் அரிது. கிணற்றில் எவ்வளவு நீர் உள்ளது என்பது வேறு. பம்பு நிமிடத்திற்கு எவ்வளவு தள்ளும் என்பது வேறு. ஜம்ப் ஸ்டார்ட்டரில் நாம் முதன்மையாகப் பார்க்க வேண்டுவது பம்பின் திறனை.

மூன்று வகைகள்

முதலாவது, ஈய-அமில பாட்டரி கொண்டது. விலையும் நயமானது, பழுது பார்ப்பதும் எளிது; உள் பாட்டரியை மட்டும் மாற்றலாம். கனமோ 8 கிலோ அளவில் இருக்கும். ஒவ்வொரு முறை பயன்படுத்திய பின்பும் உடனே முழுதாக மின்னேற்ற வேண்டும். இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுவிடும். பட்டறையை விட்டு அதிகம் நகராத வேலைக்கு இது ஏற்றது.

இரண்டாவது, லித்தியம் வகை. ஒரு கையில் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வயலுக்குச் செல்லலாம். இதற்குப் பகை வெப்பம். பொதுவாக 45 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் லித்தியம் கலங்களுக்கு மின்னேற்றக் கூடாது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் அடியிலும், மூடிய வேனுக்குள்ளும் சூடு அதைத் தாண்டும். ஆதலால் நிழலும் காற்றும் உள்ள இடம் ஒன்றைக் கருவிக்கென ஒதுக்க வேண்டும். லித்தியத்திலும் "இரும்பு பாஸ்பேட்" எனப்படும் வகை வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். பன்முறை மின்னேற்றினாலும் நெடுநாள் உழைக்கும். நாள்தோறும் பல வண்டிகளைக் கிளப்பும் பட்டறைக்கு விலை கூடினாலும் இதுவே மேல்.

மூன்றாவது, மின்தேக்கி வகை. இதில் பாட்டரியே இல்லை. இறங்கிய பாட்டரியில் எஞ்சியுள்ள சிறிதளவு மின்சாரத்தைச் சில நிமிடங்கள் உறிஞ்சிச் சேர்த்து, ஒரே வீச்சாகத் திருப்பிக் கொடுக்கும். வயதால் எளிதில் தளர்வதில்லை. ஆனால் வண்டிப் பாட்டரி அடியோடு வற்றியிருந்தால், வேறிடத்தில் மின்னேற்றித்தான் பயன்படுத்த இயலும்.

கம்பியும் கவ்வியும்

நல்ல கருவியையும் மெல்லிய கம்பி கெடுத்துவிடும். இரு கம்பிகளும் சேர்ந்து ஒரு மீட்டர் நீளம் எனக் கொள்வோம். 300 ஆம்பியர் பாயும்போது, 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 1.3 வோல்ட் வழியிலேயே வீணாகும். 10 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட். 25 சதுர மில்லிமீட்டரில் 0.2 வோல்ட். வெளியுறை தடித்திருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. உள்ளிருக்கும் செம்பின் பருமனைக் கேட்க வேண்டும். கவ்வியின் இரு தாடைகளும் செம்பாக இருந்து, பாட்டரி முனையை இறுகப் பற்ற வேண்டும்.

கம்பிகளை மாற்றி மாட்டிவிட்டால் மின்சாரத்தைத் தடுக்கும் பாதுகாப்பு உண்டா என்பதையும் பார்த்துக்கொள்க. சில கருவிகளில் "பூஸ்ட்" என்ற பொத்தான் இருக்கும். முற்றிலும் வற்றிய பாட்டரியைக் கருவி அடையாளம் காணாதபோது அதை அழுத்துவர். அழுத்திய அளவில் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்புகள் நீங்கிவிடும் என்பதைப் பட்டறைப் பையன் ஒவ்வொருவனுக்கும் சொல்லி வைத்தல் அவசியம்.

லித்தியம் கலங்களுக்கு ஐ.எஸ். 16046 தரத்தின்படி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயப் பதிவு உண்டு. "ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டு, அது யாருடையது என்று எவரும் சரிபார்க்கலாம். இது நம் கையிலுள்ள தராசு. பயன்படுத்தாமல் விடுவது நம் குற்றம்.

வாங்குமுன் சோதனை

"பட்டறையில் சோதித்து ஏற்ற பின்னரே பணம்" என்ற நிபந்தனையோடு மாதிரியைக் கேட்க வேண்டும். சோதனை முறை பின்வருமாறு:

1. பட்டறைக்கு வருவதில் மிகப் பெரிய டீசல் இஞ்சினைத் தேர்ந்தெடுக்க. அதன் பாட்டரி 11.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். முழுதாக ஏறிய பாட்டரி 12.6 வோல்ட் காட்டும்.

2. விடியற்காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கையில் சோதிக்க. செல்ப் எடுக்கும்போது பாட்டரி முனைகளில் மல்டிமீட்டர் 9.6 வோல்ட்டுக்குக் குறையலாகாது.

3. கிளம்பியதும் கவ்விகளை எடுத்துவிட்டு, இஞ்சினை நிறுத்துக. ஐந்து நிமிட இடைவெளியில் ஐந்து முறை திரும்பச் செய்க. கம்பியோ கருவியோ கை வைக்க முடியாதபடி சுட்டால் வேண்டாம்.

4. மீண்டும் முழுதாக ஏற எத்தனை மணி நேரமாகிறது என்று குறிக்க. காலை 20 அழைப்பு வரும் பட்டறைக்கு மாலையில் ஏறி முடியும் கருவி உதவாது.

5. ஒரு வாரம் சும்மா வைத்து, பின்னர் மறுபடி சோதிக்க.

விலையை ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும். ரூ. 4,000 கருவி ஓராண்டு உழைக்கிறது, ரூ. 9,000 கருவி நான்காண்டு உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னதற்கு ஆண்டுச் செலவு ரூ. 2,250 தான். உத்தரவாத அட்டையும், திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ பழுது பார்க்கும் இடமும் உண்டா எனக் கேட்பதும் விலையைச் சேர்ந்த கேள்வியே.

கையாளும் முறை

பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் அது 4 விழுக்காடு கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். பாட்டரி வெடித்து அமிலம் கண்ணில் தெறிக்கும். எனவே பீடி, தீக்குச்சி அருகில் ஆகா. கண்ணாடி அணிதல் வேண்டும். முதலில் சிவப்புக் கவ்வியைப் பாட்டரியின் நேர் முனையிலும், பின்பு கறுப்புக் கவ்வியைப் பாட்டரிக்கு அப்பால் வண்ணம் பூசாத இஞ்சின் இரும்பிலும் மாட்டி, அதன் பிறகே கருவியை இயக்குக. ஐந்து விநாடிக்கு மேல் செல்ப் எடுக்கலாகாது. எடுக்கும்போது கருவியை நிறுத்தி, முதலில் கறுப்பு, பின்பு சிவப்பு. உப்பிய பாட்டரி, வெடிப்பு விட்ட பாட்டரி ஆகியவற்றில் கருவியை மாட்டவே கூடாது.

நம் பகுதிக்குச் சிறப்பாக ஒன்று சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டியை நீர் வடிந்ததும் கிளப்பப் பார்ப்பது இயல்பு. ஆனால் காற்றுக் குழாய் வழியே சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், நீர் அழுந்தாது. சுழலும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நிமிட அவசரம் இஞ்சினையே விழுங்கும். நீரை வெளியேற்றி, எண்ணெயைச் சோதித்த பின்னரே செல்ப் எடுக்க வேண்டும்.

கிளப்புதல் வைத்தியமன்று

மயங்கியவர் முகத்தில் நீர் தெளிப்பது போன்றது இக்கருவி. நோய் வேறு இடத்தில் உள்ளது. இஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருத்தல் வேண்டும். குறைந்தால் டைனமோவையும் பெல்ட்டையும் பார்க்க. முனைகளில் பூத்த உப்பைச் சுத்தம் செய்க. வடிநீர் குறைந்திருந்தால் ஊற்றுக. காரணம் காணாது மூன்று முறை கிளப்பி அனுப்பிய பட்டறை, நான்காம் முறை உறுப்பினரின் நம்பிக்கையை இழக்கும். கழித்த பாட்டரியைக் குப்பையில் எறியாமல் விற்றவரிடமே திருப்புக; 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், கழிந்தவற்றைச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்துள்ளன.

சங்கங்கள் செய்ய வேண்டுவது

டிராக்டர்களை வாடகைக்கு விடும் சங்கங்கள் இக்கருவியைத் தாமே வாங்க நேரிடலாம். அப்போது குறைந்தது மூன்று விலைப்புள்ளிகளோடு, மேற்கண்ட சோதனையின் முடிவையும் எழுத்தில் பெற்று நிர்வாகக் குழுவின் முன் வைக்க வேண்டும். தணிக்கையின்போது இருப்புப் பதிவேட்டில் கருவி இருக்கிறது. அலமாரியைத் திறந்தால் உயிரற்றுக் கிடக்கிறது. இந்நிலையை நாம் காணாத ஆண்டில்லை. கருவிக்கு ஒருவர் பொறுப்பாளர், ஒரு குறிப்பேடு, மாதம் ஒரு மின்னேற்றம் ஆகிய மூன்றும் இருந்தால் அது நேராது. உறுப்பினர்களின் பணத்தில் வாங்கிய பொருள் உறுப்பினர்களுக்கு வேண்டிய வேளையில் உழைக்க வேண்டும். அதுவே சரியான எடை.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. நம் ஊர்ப் பட்டறைக்கு வரும் வண்டிகளில் டீசல் எத்தனை? 24 வோல்ட் எத்தனை?

2. 10,000 எம்.ஏ.எச்., 3.7 வோல்ட் என்று எழுதிய கருவியில் எத்தனை வாட்-மணி உள்ளது?

3. சீட்டை மட்டும் பார்த்து நம் சங்கம் சென்ற ஆண்டு வாங்கிய பொருள்கள் எவை? அவற்றை எவ்வாறு சோதித்திருக்கலாம்?