படப்பையிலிருந்து எவ்வளவு தூரம்?

1. ‘சென்னை–மதுரை 460 கி.மீ.’ என்று எங்கே படித்தாலும் அது நகரத்தின் நடுவிலிருந்து எண்ணிய கணக்கு. நாம் வண்டலூரில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிப்பவர்கள். அதில் முதல் 30 கி.மீ.யைக் கழித்து, படப்பை–வண்டலூர் தூரத்தை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். பெங்களூருக்கு ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டால், முதல் 40 கி.மீ. நமக்குக் கிடையாது.

2. வழி சொல்லும்போது ‘48’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை மாநில நெடுஞ்சாலை 48. ஸ்ரீபெரும்புதூர் வழியே பெங்களூரு போவது தேசிய நெடுஞ்சாலை 48. மைல்கல்லின் தலை பச்சையாக இருந்தால் மாநிலச் சாலை, மஞ்சளாக இருந்தால் தேசியச் சாலை.

3. வான்வழித் தூரம் பார்க்கப் பிள்ளைகளின் அட்லஸும் ஒரு நூலும் போதும். இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்து, பக்கத்தின் கீழே உள்ள அளவுகோலில் வைத்துப் பாருங்கள். சென்னை–பெங்களூரு ஏறக்குறைய 290 கி.மீ. வரும்.

4. அதை 1.2-ஆல் பெருக்கினால் சமவெளியில் சாலைத் தூரம் ஓரளவு கிடைத்துவிடும். பெங்களூருக்குச் சாலையில் சுமார் 345 கி.மீ. மலைப்பாதைக்கு இந்தக் கணக்கு உதவாது. மதுரை–கொடைக்கானல் நேர்கோட்டில் 80 கி.மீ.கூட இல்லை, கொண்டை ஊசி வளைவுகளோடு போனால் 115 ஆகிறது. அங்கே 1.5-ஆல் பெருக்குங்கள்.

5. விமானமா, காரா என்று முடிவெடுக்கக் கிலோமீட்டரை விட்டுவிட்டு வீட்டு வாசலிலிருந்து மணி நேரத்தை எண்ணுங்கள். மீனம்பாக்கம் போக 1 மணி, அங்கே காத்திருக்க 2 மணி, பறக்க 1 மணி. தேவனஹள்ளியில் இறங்கி பெங்களூரு நகருக்குள் போக இன்னும் ஒன்றரை மணி. ஆக ஐந்தரை மணி! காரிலும் ஏறக்குறைய ஆறு மணிதான். வயதானவர்களும் மூட்டை முடிச்சும் இருந்தால் பெங்களூருக்குக் காரே மேல் என்பது என் எண்ணம். மதுரை அப்படியல்ல. அங்கே விமான நிலையம் ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பதால், காரில் 8 மணி நேரம் ஆவது விமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் முடியும்.

6. விமான நிலையத்துக்குக் கிளம்பும் நேரம் ஒரகடம் ஷிப்ட் மாறும் நேரமாக இருந்தால் முக்கால் மணி கூடுதலாக வையுங்கள். கம்பெனி பஸ்கள் வரிசை கட்டினால் வண்டலூர் சந்திப்பு லேசில் நகராது. பெட்டி போடும் கவுன்டரோ, உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 1 மணி நேரம் முன்பே மூடிவிடும்.

7. தெற்கே போகும் பஸ்ஸுக்குக் கோயம்பேடு வரை அலைய வேண்டாம். 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் முனையம் வண்டலூரை அடுத்தே இருக்கிறது.

8. யாழ்ப்பாணத்தில் சொந்தம் இருக்கிறதா? நூலை அங்கேயும் வைத்துப் பாருங்கள். சுமார் 380 கி.மீ., மதுரையைவிடக் கிட்டம். 2019 நவம்பரில் தொடங்கி இடையில் நின்றுபோன சென்னை–பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்) விமானம் 2022 டிசம்பரிலிருந்து மீண்டும் உண்டு. உள்நாட்டுப் பயணம் போல நினைத்துக் கடைசி நேரத்தில் கிளம்பாதீர்கள். பாஸ்போர்ட்டை முதல் நாளே கைப்பையில் வைத்துவிடுங்கள், 3 மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள்.