மலைக்கு மேலே எதையும் ஏற்றாமல் ஒரு கிறிஸ்துமஸ்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் ஏறும் வண்டிகள் பர்லியாரைத் தொட்டுத்தான் போக வேண்டும். அங்கே சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் தேடிப் பார்க்கிறார்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டி, ஆட்சியராக இருந்த சுப்ரியா சாஹு காலத்திலேயே பிளாஸ்டிக்குக்கு எதிராகக் கிளம்பிய மாவட்டம் நீலகிரி. தமிழ்நாடு முழுவதற்குமான தடை 2019 ஜனவரி 1-இல்தான் வந்தது. ஆனாலும் டிசம்பர் பிறந்தால் தெர்மாகோல் மணிகளும் ஜிகினா மாலைகளும் பிளாஸ்டிக் மரங்களும் மலையேறி வந்துவிடுகின்றன. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அவை வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொட்டப்படுகின்றன. அடுத்த மழையில் ஓடைக்குப் போகின்றன. அந்த ஓடையில்தான் யானையும் காட்டுமாடும் தண்ணீர் குடிக்கின்றன.

இங்கே ஏற்கெனவே கிடக்கிற பொருள்களைக் கொண்டே வீட்டை நிறைவாக அலங்கரித்துவிடலாம். கீழே சொல்லியிருப்பவை பர்லியார் வீடுகளை மனத்தில் வைத்து எழுதியவை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வீடுகளுக்கும் சின்னச் சின்ன மாற்றங்களோடு பொருந்தும்.

1. எதைச் செய்யத் தொடங்குமுன்னும் மூன்றை நினைவில் வையுங்கள்: மழை, மூடுபனி, குரங்கு. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விட்டுவிட்டுப் பெய்யும். வெறும் காகிதத்தில் செய்தது வாசலில் இரண்டு இரவு தாங்காது. பொரி மாலை, பிஸ்கட் மணி, ஆரஞ்சு வளையம் என்று தின்னக்கூடிய எதையும் வெளியே தொங்கவிடாதீர்கள். குரங்கு அதை மட்டும் எடுத்துப் போகாது, கூடவே ஒயரையும் இழுத்துப் போடும். காட்டை ஒட்டிய வீடென்றால் பலாக்கொட்டை, உப்பு மூட்டை, பழத்தோல் எதுவும் திண்ணையில் இருக்கவே கூடாது. யானைக்கு அந்த வாசனை வெகுதூரத்திலேயே தெரிந்துவிடும்.

2. பாக்கு மட்டை. பர்லியார், கல்லாறு பக்கத்துப் பாக்குத் தோப்புகளில் தானாக விழுந்து கிடக்கும் மட்டையைவிட நல்ல அலங்காரப் பொருளை நான் பார்த்ததில்லை. தட்டு செய்கிறவர்கள் அதைத் தண்ணீரில் ஊறவைத்துச் சூடான அச்சில் அழுத்துவார்கள். வீட்டில் அச்சு தேவையில்லை. மண் போகத் தேய்த்துக் கழுவி, துணிபோல வளையும் வரை ஊறவிடுங்கள். சாதாரணக் கத்தரிக்கோலாலேயே நட்சத்திரம், சம்மனசு, மணி, புறா என்று எந்த வடிவத்தையும் வெட்டிவிடலாம். வெட்டும்போதே நூல் கோக்க ஓட்டை போட்டுவிடுங்கள். காய்ந்த பிறகு போட்டால் கீறல் விடும். பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பி, மேலே அம்மிக்கல்லையோ கனமான புத்தகங்களையோ ஏற்றி, தாளைத் தினமும் மாற்றினால் தட்டையாகக் காயும். சம்மனசின் சிறகு வளைந்து நிற்க வேண்டுமா? ஈரமாக இருக்கும்போதே ஒரு டம்ளர்மேல் வைத்துக் கட்டிவிடுங்கள். சாயம் பூச வேண்டியதில்லை. அதன் இளம் பழுப்பும் வரிகளுமே அழகு. நன்றாகக் காயாமல் தொங்கவிட்டால் மட்டும் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும்.

3. ஸ்டாருக்கு மூங்கில் வெட்டக் காட்டுக்குப் போகாதீர்கள். அது வனச் சட்டப்படி குற்றம். உடைந்த கூடை, பழைய தட்டி, ஒட்டடைக் குச்சி ஆகியவற்றிலிருந்தே போதுமான சிம்புகள் கிடைக்கும். ஒரே நீளத்தில் பத்துச் சிம்புகள் வேண்டும். ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஒரு நட்சத்திரம். இன்னோர் ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு உள்ளே சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் நான்கைந்து அங்குலக் குச்சியை நடுவில் முட்டுக் கொடுத்தால் ஸ்டார் உப்பிக்கொண்டு எழும். பல்புக்கும் இடம் கிடைக்கும்.

மேலே ஒட்டுவதற்கு வண்ணக் காகிதம் வேண்டாம். சாயம் வெளுக்காத பழைய நைலக்ஸ் புடவையைப் போர்த்தித் தைத்துவிடுங்கள். வெளிச்சத்தை விடும், மூடுபனியில் தொய்யாது. சரிகைக் கரையை ஓரங்களில் வருமாறு வைத்தால் தனியாக வால் கட்ட வேண்டாம், அதுவே மின்னும். காகிதம்தான் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திக் கட்டையைத் தாளின்மேல் நன்றாகத் தேய்த்து, இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் ஓட்டுங்கள். மெழுகு உள்ளே இறங்கி, தாள் எண்ணெய் ஊறினாற்போல ஒளியை விடும், தண்ணீரும் ஒட்டாது. மெழுகுத் தாள் எளிதில் தீப்பிடிக்கும். ஆகவே அதற்குள் எல்.இ.டி. பல்பு மட்டுமே போடலாம்.

4. கிறிஸ்துமஸ் மரத்துக்காக சைப்ரஸ் கிளையை வெட்டும் எண்ணம் வந்தால், நீலகிரியில் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வாங்க வேண்டிய மலை இது. மரத்துக்குப் பதிலாக உடைந்த குடை இருக்கிறதே! எந்த வீட்டுப் பரணிலும் இரண்டாவது கிடக்கும். துணியை நீக்கிவிட்டு, கம்பிகளைப் பாதி மடக்கிய நிலையில் நிறுத்தி, ஒரு மண்தொட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்டை நட்டுவிடுங்கள். கூம்பு வடிவ மரம் தயார். கம்பிக்குக் கம்பி பச்சைக் கம்பளி நூலைச் சுற்றிக்கொண்டே இறங்கி, கம்பி முனைகளில் பாக்கு மட்டை மணிகளைத் தொங்கவிடலாம். குடைக் கம்பி இரும்பு. அதன்மேல் மின்சார சீரியல் செட் சுற்றவே கூடாது. பேட்டரி விளக்கு என்றால் சரி.

5. பசை: ஒரு பங்கு மைதாவை நான்கு பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கண்ணாடிபோலப் பளபளக்கும் வரை கிளறுங்கள். இந்த ஈரப்பதத்தில் மூன்றாம் நாளே பூஞ்சை பூக்கும். ஆறியதும் சில சொட்டுக் கிராம்புத் தைலம் விட்டால் தாங்கும். அந்தக் காலத்தில் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, குழந்தைகள் கை வைக்கும் வீட்டில் வேண்டாம்.

6. பர்லியாரின் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை 1871 முதல் இருக்கிறது. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் விளையும் மண். சாலையோரக் கடைகளில் பழம் வாங்கித் தின்றுவிட்டு மங்குஸ்தான் தோலைத் தூர எறிகிறோம். அடுத்த பருவத்தில் அந்தத் தோலைச் சேர்த்து வையுங்கள். பழத்தைக் குறுக்காக வெட்டித் திறந்தால் அடிப்பாதியில் பூப்போன்ற ஓர் அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. அந்தப் பாதியை வெயிலில் காயவைத்தால் மரக்கிண்ணம்போல இறுகிவிடும். பூப்பக்கம் வெளியே தெரிய மாலையாகக் கோக்கலாம். பச்சைத் தோலின் கறை துணியில் பட்டால் போகாது, பழைய உடை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். ஜாதிக்காயின் பழுப்பு ஓட்டைப் பாதியாக உடைத்து எடுத்தால், மிகச் சிறிய குழந்தை ஏசுவுக்குத் தொட்டில் கிடைத்துவிடும். உள்ளே இலவம் பஞ்சு வைத்தால் போதும்.

7. உண்ணிச்செடியை வேலியிலிருந்து எவ்வளவு வெட்டினாலும் காடு வாழ்த்தும். அயல்நாட்டிலிருந்து வந்து நம் காட்டுப் புல்லையே அமுக்கிவிட்ட செடி அது. கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கைவினைஞர்கள் இதே செடியின் தண்டிலிருந்து உயிரளவு யானைகளைச் செய்கிறார்கள். ‘தி ரியல் எலிஃபண்ட் கலெக்டிவ்’ என்ற அமைப்பின் அந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024-இல் அமெரிக்கா போயின. அவர்களின் முறை நமக்கும் உதவும். தண்டை வேகவைத்து, தோலை உரித்து, சூடு ஆறுமுன் வளைக்க வேண்டும். சுண்டுவிரல் பருமனான தண்டுகள் நான்கைந்தை வளையமாக முறுக்கிக் கட்டினால் வாசல் வளையத்துக்கு ஆயுள் முழுவதும் உழைக்கும் சட்டம் கிடைக்கும். முள் உண்டு, கைக்குச் சாக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கறுத்த பழம் உள்ள கொத்துகளை அங்கேயே உதிர்த்துப் பொசுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பறவைகள் விதையைப் பரப்பும்.

வளையத்தில் செருக சில்வர் ஓக் உதிர்சருகு இருக்கிறது. தேயிலைக்கு நிழல் தர நட்ட மரம். இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல இருக்கும், காய்ந்தாலும் அந்த நிறம் போகாது. சிலருக்கு அந்த இலை பட்டால் அரிக்கும், கையைக் கழுவிக்கொள்ளுங்கள். ஊட்டிக்குப் போனவர்கள் கொண்டுவந்த பைன் காய்கள் பர்லியார் ஈரத்தில் மூடிக்கொண்டால் பழுது என்று எறிய வேண்டாம். செதிலின் வெளிப்புறம் ஈரத்தை உறிஞ்சி உட்புறத்தைவிட அதிகம் நீள்வதால்தான் அது மூடுகிறது. அடுப்போரம் ஒரு நாள் வைத்தால் மறுபடி விரியும்.

8. குடில். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசி முதல் குடிலை அமைத்தபோது அவரிடம் இருந்தது வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தான். தெர்மாகோல் மலை நமக்கு எதற்கு? தேயிலைத் தூள் அடைத்து வரும் பல அடுக்குக் காகிதச் சாக்கைத் தொழிற்சாலைப் பக்கமோ மளிகைக் கடையிலோ கேட்டு வாங்குங்கள். அடுக்குகளைப் பிரித்து, தண்ணீரில் நனைத்துக் கசக்கி, மைதாப் பசையோடு கொஞ்சம் செம்மண் குழைத்துப் பூசி, உடைந்த கூடைகள்மேல் போர்த்திக் காயவிட்டால் பாறையும் குகையும் எழும்பிவிடும். மேலே பூச நிறம் வேண்டுமென்றால், வடிகட்டிய டீத்தூள் சக்கையை மறுபடி கொதிக்கவைத்த தண்ணீர் போதும். பிளைவுட் தேயிலைப் பெட்டி யார் வீட்டிலாவது மிஞ்சியிருந்தால் அதைப் படுக்கவைத்தாலே மாட்டுக்கொட்டில். ஓரத் தகரம் கையைக் கிழிக்கும், சுத்தியலால் தட்டி மடக்குங்கள்.

பழைய மரத்துக்குத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1831 ஈஸ்டர் அன்று வழிபாட்டுக்குத் திறந்த ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்தின் உத்தரங்களே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் பாக் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை.

குடிலுக்குப் பாறையிலிருந்தும் சோலை மரத்திலிருந்தும் பாசி உரிக்காதீர்கள். உரித்த இடத்தில் மீண்டும் பிடிக்க ஆண்டுக்கணக்காகும். கேழ்வரகு முளைவிடுங்கள். ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளை எட்டிப் பார்த்ததும், நனைத்த சாக்குமேல் நெருக்கமாகத் தூவித் தண்ணீர் தெளித்து வாருங்கள். பர்லியார் வெதுவெதுப்புக்கு டிசம்பர் 14 வாக்கில் தொடங்கினால் கிறிஸ்துமஸ் இரவுக்குப் பச்சைக் கம்பளம் விரிந்திருக்கும். ஊட்டிக் குளிருக்கு மாதத் தொடக்கத்திலேயே தூவ வேண்டும். திருநாள் முடிந்ததும் ஆட்டுக்குப் போட்டுவிடலாம்.

9. கிழிந்த ஸ்வெட்டர், குரங்குக் குல்லா: நூலைப் பிரித்து, நாற்காலி முதுகில் சுற்றி, நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் நீங்கும். பந்து பந்தாகக் கட்டி மரத்தில் போடலாம். வெள்ளை நூல் இருந்தால் ஆட்டுக்குட்டிகளுக்கு.

10. பாயின்செட்டியா டிசம்பரில் தானாகவே சிவந்து நிற்கும். பறித்துக் குவளையில் வைத்ததும் வாடுவதற்குக் காரணம் பால் வடிவதுதான். வெட்டுவாயை உடனே நெருப்பில் காட்டிக் கருக்கிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் நின்று ஆடும். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. மினுமினுப்புக்குக் கல்யாணப் பத்திரிகைகளைத் தேடுங்கள். தங்க மை பூசிய கெட்டி அட்டையில் நூறு குட்டி நட்சத்திரங்கள் ஒளிந்திருக்கும். தினசரி காலண்டரும் டிசம்பரில் தீர்ந்துவிடுகிறது, அதன் அட்டை அடித்தளத்துக்கு ஆகும். சிப்ஸ் பாக்கெட்டின் உட்புற வெள்ளியை வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தலாம். எண்ணெய் வாசம் போகச் சோப்புப் போட்டுக் கழுவுவது கட்டாயம். ஜிகினாத் தூளைத் தொடவே வேண்டாம். அது பொடியாக்கிய பிளாஸ்டிக், கூட்டிப் பெருக்கினாலும் மண்ணிலும் ஓடையிலும்தான் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது.

12. விளக்கு. பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணையும், ஆகவே தூக்கி எறிகிறோம். காயலான் கடைக்குப் போடுமுன் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். சூடேறும் பழைய பல்புகளை வைக்கோல், மெழுகுத் தாள் பக்கத்தில் வைக்காதீர்கள். திண்ணைக்கு வெளியே போகும் ஒயரில் ஒட்டு இருக்கக்கூடாது. குடிலுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கமிருந்தால், அதை முன்பக்கம் ஒரு தட்டில் தள்ளி வையுங்கள்.

13. ஜனவரி 6 கழிந்ததும் பிரிக்கும் வேலையை ஒரே நாளில் முடியுங்கள். பாக்கு மட்டையில் பூஞ்சை பட்டதை உரக்குழியில் போடுங்கள், நல்லவற்றைச் செய்தித்தாளில் சுற்றுங்கள். ஸ்டாரின் புடவையைக் கழற்றித் துவைத்து மடித்து வையுங்கள். சட்டத்தை மட்டும் சமையலறைப் பரணில் அடுப்புக்கு நேர்மேலே தொங்கவிட்டால் மழைக்காலத்திலும் மூங்கில் உளுக்காது. வேப்பிலைச் சருகு நான்கைந்தைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியின்மேல் என்ன இருக்கிறதென்று எழுதி ஒட்டிவிடுங்கள்.