தெருவுக்கும் ஹக்கு உண்டு

பாதையின் அகலம் குறித்து மக்களுக்குள் தகராறு எழுந்தபோது, 7 முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஒரு முழம் ஒன்றரை அடி எனக் கொண்டால், இது பத்தரை அடி.

இதை இன்றைய நம் தெருவில் வைத்துப் பார்ப்போம். தீயணைப்பு வண்டி ஏறத்தாழ 8 அடி அகலம். தெரு 12 அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டு வாசற்படி 2 அடி வெளியே வந்திருக்கிறது. எதிர்வீட்டுச் சுவரோரம் நிற்கும் பைக் இரண்டரை அடியை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் ஏழரை அடிதான். வண்டி தெருமுனையிலேயே நின்றுவிடும். நெஞ்சுவலி வந்தவரையாவது நாற்காலியில் உட்காரவைத்து ஆம்புலன்ஸ் வரை தூக்கிப் போகலாம். எரிகிற வீட்டை அப்படித் தூக்கிப் போக முடியுமா?

"நம் வாசலில்தானே நிறுத்துகிறோம்" என்கிறோம். வாசல் நம்முடையது, தெரு எல்லோருடைய ஹக்கு. பாதையில் இடர் தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சிறுவயதில் மதரஸாவில் ஓதினோம். முள்ளையும் கல்லையும் மட்டுமே நினைத்துக்கொண்டோம். பைக்கும் படிக்கட்டும் அதில் சேரும்.

இந்த வாரம் இரவு 10 மணிக்கு, வண்டிகளெல்லாம் வந்து நின்ற பிறகு, நம் தெருவை டேப் வைத்து அளப்போம். எல்லா வண்டிகளையும் ஒரே ஓரமாக நிறுத்த அண்டை வீட்டாரோடு பேசிக்கொள்வோம். புதிதாக வீடு கட்டுவோர் படியை மனைக்குள்ளேயே வைக்கட்டும்.

ஆம்புலன்ஸ் நாளை எந்த வீட்டுக்கு வர வேண்டியிருக்கும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.