அனுபவம்: இல்லை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த நான், வணிக நிர்வாகப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எட்டு வாரப் பயிற்சிக்காகப் போய்ச் சேர்ந்த இடம், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சி. காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளின் ஆரவாரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மாடியில் இரண்டு அறைகள், ஐந்து தொலைபேசிகள், சுவரில் காமாட்சியம்மன் படம் போட்ட நாட்காட்டி. கல்லூரியில் மனிதவளம் என்ற பெயரில் நான் படித்திருந்த சித்தாந்தங்கள் யாவும் அந்த மாடிப்படியிலேயே நின்றுவிட்டன என்று சொன்னால் மிகையாகாது.

முதல் இரண்டு வாரமும் தொலைபேசிதான். பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்து, “ஒரு நாளைக்கு எண்பது பேர்” என்றார்கள். அதில் நான் கற்ற முதல் பாடம் நேரத்தைப் பற்றியது. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுத்தவனைக் காலை பத்து மணிக்கு எழுப்பி, “வேலை மாற விருப்பமா?” என்று கேட்டால், அவன் சொல்லும் பதிலை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. மாலை நாலு மணிக்குமேல் அதே மனிதன் தங்கமாகப் பேசுவான். பெண் பிள்ளைகளின் எண்ணுக்குக் கூப்பிட்டால் பெரும்பாலும் தகப்பனாரோ தாயாரோதான் எடுப்பார்கள். சம்பளத்தைப் பற்றி அவர்கள் கேட்பது கடைசியில்தான். பஸ் எங்கே வந்து நிற்கும், இரவில் யார் கொண்டுவந்து விடுவார்கள் என்பவை முதல் கேள்விகள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனதை இந்த வட்டாரம் இன்னும் மறக்கவில்லையாதலால், “இந்தக் கம்பெனி எத்தனை நாளைக்கு இருக்கும்மா?” என்று கேட்ட தாய்மார்களும் உண்டு. அதற்கு என்னிடம் விடை இல்லை. இல்லை என்று சொல்வதே உத்தமம் என்பதையும் அங்கேதான் கற்றேன்.

இன்னொன்று, சம்பள விஷயம். விளம்பரத்தில் போடும் தொகை ஒன்று, கைக்கு வரும் தொகை வேறு. வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதமும், இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதமும் போய், உணவுக்கும் விடுதிக்கும் பிடித்தம் போனபிறகு மிஞ்சுவது எவ்வளவு என்பதை ஒரு தாளில் கழித்துக் காட்டிவிட்டால், சேர்ந்த பத்தாம் நாளே ஓடிவருகிறவர்களின் எண்ணிக்கை குறையும். அப்படிக் கழித்துக் காட்டுவது ஆளை விரட்டும் காரியம் என்று என் மேலதிகாரி கருதினார். நான் அவர் சாப்பிடப் போன நேரத்தில் காட்டினேன்.

இவையெல்லாம் சிறு விஷயங்கள். என் மனத்தை உண்மையாக உலுக்கியது நாலாம் வாரத்தில் நடந்தது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர், வயது நாற்பத்திரண்டு, தறிக்கு வேலை கொடுப்பவரிடம் வாங்கிய முன்பணம் தீராமல், பட்டு விலையும் ஜரிகை விலையும் ஏறக் கூலி மட்டும் ஏறாமல் நிற்க, கடைசியில் கம்பெனி வேலைக்குத் துணிந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். படிவத்தில் அனுபவம் என்று ஒரு கட்டம்.

“அனுபவம் எத்தனை வருஷம் அண்ணா?”

“இருபத்தாறு வருஷம் தறி போடறேன் பாப்பா.”

“கம்பெனியிலே?”

“கம்பெனியிலே ஏதும்மா? வீட்லதான்.”

நான் ‘இல்லை’ என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு யாதொரு சங்கோசமும் உண்டாகவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அன்று இரவு அப்பா கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக இரண்டையும் பிசிறில்லாமல் கோத்துக்கொண்டு போகும் நெசவாகையால் அதற்குத் தனி நாடாக்கள் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள ஓர் ஆளும் வேண்டும். அம்மாவுக்குத் தோள்வலி என்பதால் நான் உட்கார்ந்தேன். திடீரென்று அப்பா கையை நிறுத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் குனிந்து, ஆயிரக்கணக்கான பாவு இழைகளுக்கு நடுவே அறுந்துபோன ஒன்றே ஒன்றை இரு விரலால் எடுத்து, முறுக்கி முடிந்து, மறுபடி மிதியை அழுத்தினார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, “கால்ல தெரியும்” என்றார். அந்த வாரம் எங்கள் கன்சல்டன்சி வலைபோட்டுத் தேடிக்கொண்டிருந்தது, கண்ணாடித் தகட்டில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கும் சோதனை வேலைக்கு ஆட்களை.

மறுநாள் அந்தப் படிவத்தை எடுத்து, இல்லை என்பதை அடித்துவிட்டு, ‘26 ஆண்டு, நுண்ணிய பழுது காணுதல், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஒரே இடத்தில் கவனம்’ என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா முப்பதுக்கு மேல எடுக்க மாட்டாங்க.” அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஒரே தெருவிலிருந்து மூன்று பேருக்குமேல் அனுப்பக்கூடாது என்பதும் அப்படித்தான். சேர்ந்து லீவு போட்டுவிடுவார்களாம். அந்த நெசவாளருக்கு என்ன பதில் சொல்வது என்றதற்கு, “கூப்பிடறோம்னு சொல்லு” என்றார்.

ஆறாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை, சிநேகிதி ஒருத்தி வற்புறுத்தியதால், காஞ்சியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள உத்திரமேரூருக்குப் போனேன். பாடப்புத்தகத்தில் குடவோலை முறை என்று படித்து மதிப்பெண் வாங்கியதோடு விட்டுப்போன ஊர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகனுடைய காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய சாசனங்கள் இருக்கின்றன. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுப்பதற்கான விதிகள் அவை: கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேத ஞானம், முந்தைய மூன்றாண்டில் வாரியம் செய்தவர் கூடாது, வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் கூடாது, அவருடைய இன்னின்ன உறவினரும் கூடாது. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாத ஒரு பாலகனை எடுக்கச் சொல்லி, அந்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரியத் திறந்த உள்ளங்கையில் ஏற்று வாசிக்க வேண்டும்.

பொற்காலம் என்று புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களின் ஊர்; நெசவாளியான என் தகப்பனாருடைய பெயரோ, பெண்ணாகிய என் பெயரோ அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. ஆனால் யாரைத் தள்ளினார்கள், எதற்காகத் தள்ளினார்கள் என்பதை ஊரார் பார்க்கும் கோயில் சுவரில் கல்லில் வெட்டி வைக்கும் தைரியம் அவர்களுக்கு இருந்தது. தள்ளப்பட்டவன் சுவரைக் காட்டியாவது சண்டை போடலாம். எங்கள் மாடி அறையில் விதிகள் மூடிய கைக்குள் இருந்தன. “கூப்பிடறோம்” என்ற ஒரு சொல்லை நம்பி ஜனங்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை அந்த நெசவாளரைக் கூப்பிட்டு, வயது காரணமாக இந்த இடம் இல்லை என்று சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. “சொன்னதுக்கு நல்லதும்மா. நீ கூப்பிடுவேன்னு புதுப் பாவு வாங்காம வெச்சிருந்தேன்” என்றார். பதினைந்து நாள் கூலியை எங்கள் மௌனம் தின்றிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மிச்சமிருந்த இரண்டு வாரமும், என் பட்டியலில் தள்ளப்பட்ட ஒவ்வொருவரையும் மாலையில் கூப்பிட்டுக் காரணத்தைச் சொன்னேன். இருவர் வைதார்கள். பலர், வேறு எங்கே முயன்று பார்க்கலாம் என்று கேட்டார்கள்; மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமைச் சொன்னேன்.

அடுத்த ஆண்டு இந்தப் பயிற்சிக்குப் போகிற மாணவர்கள், முதல் வாரத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, உத்திரமேரூருக்குப் போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நான் போனது ஆறாவது வாரத்தில்.